டிஜிட்டல் பியானோவில் குழல் குழலாகவும் கிடார் கிடாராகவும் கேட்க

டிஜிட்டல் பியானோ வாங்கியவர்கள் முதலில் பியானோ டோனில்தான் வாசிப்பார்கள். அப்புறம் ஒருநாள் மற்ற டோன்களுக்கான பட்டன் கண்ணில் படும். புல்லாங்குழல், வயலின், டிரம்பெட் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துவிட்டு, "எல்லாம் பொம்மை மாதிரி இருக்கே" என்று பழையபடி பியானோவுக்கே திரும்பிவிடுவார்கள். என்னிடம் கற்றுக்கொள்ள வருகிறவர்களில் பாதிப் பேராவது இதைச் சொல்லியிருப்பார்கள். விலை குறைந்த கருவிகளில் சில டோன்கள் சுமார்தான், மறுக்கவில்லை. ஆனால் அதே கருவியில் வேறொருவர் உட்கார்ந்து வாசித்தால் அதே குழல் டோன் உயிரோடு கேட்கிறது.

பாடுகிறவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே கருவியில் ஸ்டிரிங்ஸ் (வயலின் வகைக் கருவிகளின் கூட்டொலி), குழல், கிடார், ஆர்கன் எல்லாவற்றையும் சமாளிப்பது என் வேலை. அதில் எனக்குப் புரிந்தது இதுதான். பியானோவில் சுத்தியல் கம்பியைத் தட்டியதோடு விரலின் முக்கிய வேலை முடிந்துவிடுகிறது. மிச்சம் தானாகத் தேயும். அதனால் பியானோ பழகிய கை எப்போதும் அழுத்தும் நொடியிலேயே குறியாக இருக்கும். ஊதுகிற கருவியிலும் வில் போடுகிற கருவியிலும் ஒலி கேட்கும் வரை ஆள் வேலை செய்துகொண்டே இருக்கிறார், அது எங்கே நிற்க வேண்டும் என்பதையும் அவரே முடிவு செய்கிறார். ஆகவே விரலை எப்போது எடுக்கிறோம் என்பதில் கவனத்தை வையுங்கள். நான் கீழே சொல்வதில் பெரும்பாலானவை இதிலிருந்து கிளைத்தவைதான்.

முதலில் காலை எடுங்கள்

பியானோ பழகியவர்களுக்கு வலது கால் தானாகவே சஸ்டெயின் பெடலுக்குப் போகும், விரலை எடுத்த பிறகும் ஒலியை நீடிக்கவைக்கும் பெடல் அது. குழல் டோனில் பெடலை மிதித்தால் முந்தைய நோட்டும் அடுத்த நோட்டும் சேர்ந்து ஒலிக்கும். ஒரு குழலில் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் வரும் என்பது கேட்கிறவர்கள் எல்லாருக்கும் தெரியும், அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டு சேர்ந்து ஒலித்த அந்தக் கணமே காது "இது குழல் இல்லை" என்று முடிவு கட்டிவிடும். நான் மாணவர்களை இரண்டு காலையும் நாற்காலிக்கு அடியில் இழுத்து வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

பெடல் எங்கெல்லாம் சரி? அந்த அசல் கருவியில் விட்ட பிறகும் ஒலி நீடிக்குமா என்று யோசித்தால் போதும். எலக்ட்ரிக் பியானோ, ஹார்ப், வைப்ரஃபோன் ஆகியவற்றுக்குச் சரி. கிடாருக்கு அளவாக. குழல், சாக்ஸ், டிரம்பெட், ஆர்கன், ஹார்ப்சிகார்ட், கிளாவினெட் இவற்றுக்கு வேண்டவே வேண்டாம். ஸ்டிரிங்ஸ் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

அடுத்தது டச். கட்டையை எவ்வளவு வேகமாக அழுத்துகிறீர்கள் என்பதைக் கருவி ஒரு எண்ணாக எடுத்துக்கொள்கிறது. மின்னிசைக் கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள 1983-இல் வந்த மிடி முறைப்படி அது 1 முதல் 127 வரை. வெலாசிட்டி என்று சொல்வது இதைத்தான். நல்ல டோன்களில் இந்த எண் ஏறும்போது சத்தம் மட்டும் ஏறுவதில்லை, வேறொரு பதிவே ஒலிக்கும். மெதுவாக ஊதிய டிரம்பெட் ஒரு பதிவு, பளீரென்று ஊதியது இன்னொன்று. எந்த இடத்தில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுகிறது என்று கண்டுபிடிப்பதுதான் புது டோனைத் திறந்ததும் நான் செய்யும் முதல் வேலை. ஒரே கட்டையை மிக மெல்ல ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தம் கூட்டிக்கொண்டே போங்கள். சத்தத்தைக் கவனிக்காமல் நிறத்தைக் கவனியுங்கள். ஓரிடத்தில் குரல் மாறும். அந்த எல்லைக்கு இந்தப் பக்கம் எவ்வளவு, அந்தப் பக்கம் எவ்வளவு என்று விரலுக்குத் தெரிந்துவிட்டால், ஒரு வரியில் எந்த நோட்டை மட்டும் பளீரென்று காட்டுவது என்று உங்களால் தீர்மானிக்க முடியும். தெரியாவிட்டால் கண்ட இடத்தில் ஒரு நோட் திடீரென்று கத்தும்.

டச் அமைப்பை லைட், மீடியம், ஹெவி என்று மாற்ற முடியும் அல்லவா? டிஜிட்டல் பியானோவின் கட்டைகள் சுத்தியல் எடையோடு வருபவை. பியானோவுக்கு அந்த எடை வரம். குழலுக்கும் பிராஸுக்கும் அதே எடையோடு ஓடினால் கை சீக்கிரம் சோர்ந்துவிடும். நான் அவற்றுக்கு லைட் வைத்துக்கொள்கிறேன். ஒவ்வொரு டோனுக்கும் தனித்தனியாக டச்சைச் சேமிக்க வழி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள்.

எட்டாத சுரத்தை வாசிக்காதீர்கள்

88 கட்டையிலும் குழல் ஒலிக்கும். நிஜக் குழல் ஒலிக்காது. ஆர்க்கெஸ்ட்ராவில் வாசிக்கும் ஃபுளூட்டின் அடிமட்டம் நடு சி-தான், சில குழல்கள் அதற்கு அரைச் சுரம் கீழே பி வரை இறங்கும். வயலினின் கடைசித் தந்தி நடு சி-க்குக் கீழே உள்ள ஜி. செல்லோ நடு சி-யிலிருந்து இரண்டு ஆக்டேவ் கீழே வரை போகும். கிடாரின் தடித்த தந்தி, கட்டை வரிசையின் இடது கோடியிலிருந்து எண்ணினால் வருகிற இரண்டாவது ஈ. பேஸ் கிடாருக்கும் டபுள் பேஸுக்கும் முதல் ஈ. இந்த நான்கைந்தையும் மனதில் வைத்துக்கொண்டாலே போதும். எல்லைக்கு உள்ளேயும் எல்லா இடமும் ஒன்றல்ல. ஃபுளூட்டின் கீழ் ஆக்டேவ் மூச்சுக்காற்று கலந்த மென்மையான குரல், மேலே போகப் போகத் துலக்கமாகும். கீழே இருக்கும் வரியை ஓங்கி அழுத்தி வாசித்தால் யாரும் ஊதாத ஒரு ஒலி வரும்.

குழல்: இரண்டு பாரை மட்டும் எடுத்துக்கொள்வோம்

நாலு எண்ணிக்கைத் தாளத்தில் இரண்டு பார் (தாளத்தின் ஒரு சுற்று ஒரு பார்). முதல் பாரில் நடு சி-க்கு மேலே உள்ள ஜி ஒரு எண்ணிக்கை, ஏ ஒரு எண்ணிக்கை, மேல் சி இரண்டு எண்ணிக்கை. இரண்டாவதில் பி ஒன்று, ஏ ஒன்று, ஜி இரண்டு. சாதாரண வரிதான். இதைப் பியானோ கையோடு வாசித்தால் ஆறு நோட்டும் ஒரே கனத்தில், ஒன்றின் வால் அடுத்ததன் தலையில் கொஞ்சம் ஏறி உட்கார்ந்தபடி வரும்.

இப்போது ஊதுகிறவராக யோசிப்போம். முதல் ஜி-யை நாக்கால் தொட்டுத் தொடங்குவார், அதற்குத் தெளிவான அழுத்தம் வேண்டும். ஏ அதே மூச்சில் வருகிறது. அதனால் ஏ ஒலிக்கும் அந்த நொடியிலேயே ஜி விரல் மேலே வர வேண்டும். முன்னாலும் கூடாது, பின்னாலும் கூடாது. மிக மெதுவாக, இரண்டே நோட்டை வைத்துக்கொண்டு இதைப் பழகுங்கள். இடைவெளி விழுந்தால் "டு… டு" என்று கேட்கும், மேலே ஏறினால் இரண்டு சுரம் சேர்ந்து உறுத்தும். இரண்டும் இல்லாத ஒரு மயிரிழை இடம் இருக்கிறது. அது கைக்கு வர எவ்வளவு நாளானாலும் வரவைத்துவிட்டுத்தான் அடுத்ததுக்குப் போக வேண்டும் என்பது என் கட்சி.

மேல் சி இந்த வரியின் உச்சி. ஏ-வைவிடக் கொஞ்சம் கூடுதல் அழுத்தம். அதற்கு முன்னால் பி-யை மின்னல் வேகத்தில் தொட்டுவிட்டு சி-க்குப் போனால் ஊதுகிறவரின் விரல் அசைவு மாதிரியே இருக்கும். இதை இரண்டு பாருக்கு ஒரு தடவைக்கு மேல் செய்யாதீர்கள், சலித்துவிடும். சி முடிந்து பி தொடங்குமிடத்தில் ஒரு முடிவு எடுக்க வேண்டும். ஒட்டி வாசித்தால் வரி முழுதும் ஒரே மூச்சு. சி-யைக் கண்சிமிட்டும் நேரம் முன்னால் எடுத்துவிட்டால், பி-யை நாக்கால் புதிதாகத் தொட்ட மாதிரி ஆகும். பாட்டின் வரியில் அந்த இடத்தில் புதுச் சொல் தொடங்கினால் நான் எடுப்பேன், ஒரே சொல் நீண்டு போனால் ஒட்டுவேன்.

கடைசி ஜி-யை இரண்டு எண்ணிக்கையும் பிடிக்காதீர்கள். ஒன்றரையில் எடுத்துவிடுங்கள். மிச்ச அரை எண்ணிக்கை மூச்சு இழுக்க. அந்த அரை எண்ணிக்கை இல்லாமல் மூன்றாவது பாருக்குப் போகிற குழல், எவ்வளவு உயர்ந்த டோனாக இருந்தாலும் இயந்திரமாகத்தான் கேட்கும்.

எங்கே மூச்சு விடுவது என்று தெரியாவிட்டால் ஒரு வழி சொல்கிறேன். வாசிக்கும்போதே உதட்டைக் குவித்து மெல்ல ஊதிக்கொண்டே வாசியுங்கள். உங்கள் மூச்சு எங்கே தீர்கிறதோ அங்கே கையும் எழும்ப வேண்டும். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும், இருக்கட்டும். சாக்ஸ், கிளாரினெட், டிரம்பெட் எல்லாவற்றுக்கும் இதே பயிற்சிதான்.

ஒரே சுரத்தை அடுத்தடுத்துத் தட்ட வேண்டியிருந்தால், பியானோவில் செய்வதுபோல 3, 2, 1 என்று விரல் மாற்றாதீர்கள். ஒரே விரலை வைத்துக்கொண்டு கட்டையை முழுதாக மேலே வரவிடாமல் பாதியிலிருந்து மறுபடி அழுத்துங்கள். மூன்று சென்சார் உள்ள கட்டைகளில் இது நன்றாகவே வேலை செய்யும். இடைவெளி சிறியதாக, சீராக இருக்கும். "து-து-து" என்று நாக்கு தட்டுவது போலவே வரும்.

அதிர்வு விஷயம் ஒன்று. பாடகரோ குழல் வாசிப்பவரோ நீண்ட சுரத்தைப் பெரும்பாலும் நேராகத் தொடங்கிக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் அசைப்பார்கள். சில டோன்களில் அதிர்வு ஆரம்பத்திலிருந்தே பதிவாகியிருக்கும். வேகமான வரிகளில் அது அழுகிற மாதிரி இருக்கும். அதிர்வில்லாத குழல் டோன் பட்டியலில் இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்து, நீண்ட சுரங்களுக்கு மட்டும் மாடுலேஷனை (இங்கே அதிர்வைச் சேர்க்கும் கட்டுப்பாடு) சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்டிரிங்ஸ்: பொதுச் சுரத்தை விடாதீர்கள்

ஸ்டிரிங்ஸ் டோனில் பலரும் வழுக்குவது நேரத்தில்தான். வில் கம்பியைப் பிடித்து ஒலி முழுதாக வர ஒரு கணம் ஆகும், பதிவிலும் அந்தத் தாமதம் இருக்கும். தாளத்தின் மேலேயே அழுத்தினால் எப்போதும் பின்தங்கியே கேட்கும். மெட்ரோனோமை 60-இல் ஓடவிட்டு, ஒரு கார்டை (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின் கூட்டு) தாளத்துக்குச் சற்று முன்னால் அழுத்திப் பாருங்கள். ஒலி மலர்வதும் மெட்ரோனோம் தட்டுவதும் சேரும் இடத்தைக் காது பிடித்துக்கொள்ளும். டோனுக்கு டோன் இது மாறும்.

அடுத்தது கார்டின் அடுக்கு. இடது கையில் சி-ஈ-ஜி என்று கீழே நெருக்கமாக வைத்தால் கலங்கலாகிவிடும். கீழே ஒன்று அல்லது இரண்டு சுரம், விரித்து. மேலே மூன்று, நெருக்கமாக. பத்து விரலையும் பயன்படுத்த வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

இப்போது சி, எஃப், ஜி, சி என்ற நாலு கார்டை எடுத்துக்கொள்ளுங்கள். இடது கை அந்தந்தக் கார்டின் மூலச் சுரத்தை மட்டும் வாசிக்கட்டும். வலது கையில், கீழிருந்து மேலாக, முதல் கார்டுக்கு ஜி-சி-ஈ, அடுத்ததுக்கு ஏ-சி-எஃப், அதற்கடுத்து ஜி-பி-டி, மறுபடி ஜி-சி-ஈ. கை எங்கும் தாவவில்லை, ஒவ்வொரு விரலும் பக்கத்துக் கட்டைக்கோ அதற்கடுத்ததற்கோ நகர்கிறது. முக்கியமான விஷயம் முதல் மாற்றத்தில் இருக்கிறது. சி கார்டிலும் எஃப் கார்டிலும் நடுவில் சி பொது. பியானோவில் கையை மொத்தமாக எடுத்து மூன்றையும் மறுபடி தட்டுவோம். ஸ்டிரிங்ஸில் அந்த சி-யை விடவே கூடாது. நடு விரல் அழுத்தியபடியே இருக்க, கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும் நகரட்டும். நிஜத்தில் அந்த சி-யைப் பிடித்திருக்கும் வாத்தியக்காரர் வில்லை நிறுத்தவே மாட்டார் அல்லவா, அதுதான். இந்த ஒரு பழக்கத்தால் மட்டுமே விலை மலிந்த கருவியின் ஸ்டிரிங்ஸ்கூடத் தேறிவிடும்.

எஃப்-இலிருந்து ஜி-க்குப் போகும்போது பொதுச் சுரம் இல்லை. மூன்று விரலும் நகர வேண்டும். அந்த இடத்தில் பெடலை ஒரு நொடி மிதித்து, புதுக் கார்ட் அழுத்தியதும் விட்டுவிட்டால் ஓட்டை தெரியாது. ஸ்டிரிங்ஸில் பெடலுக்கு நான் தரும் வேலை அவ்வளவுதான்.

பிடித்த கார்ட் அப்படியே அசையாமல் நின்றால் ஆர்கன் ஆகிவிடும், கொஞ்சம் மலர்ந்து கொஞ்சம் அடங்க வேண்டும். காலால் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்பிரஷன் பெடல் மாட்ட வசதி இருந்தால் அதைவிட நல்ல முதலீடு கிடையாது. வசதி இல்லாவிட்டால் இன்னொரு வழி: கார்டை இரண்டு சுரத்தோடு தொடங்கி, மூன்றாவது எண்ணிக்கையில் மூன்றாவது சுரத்தைச் சேருங்கள், அடுத்த பாரில் மேலே இன்னொன்று. ஆட்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்துகொள்வது போல வளரும். அடங்க வேண்டுமானால் மேலிருந்து ஒவ்வொன்றாக விடுங்கள்.

தனி வயலின் டோனை நான் முடிந்தவரை தவிர்த்துவிடுவேன். வில்லின் அழுத்தம், விரலின் வழுக்கல் என்று நொடிக்கு நொடி மாறுகிற கருவி அது, கட்டையில் அதில் பாதிகூட வராது. தனி வரி வேண்டுமென்றால் வயலினை மெல்லிய ஸ்டிரிங்ஸோடு லேயர் செய்து, அதாவது இரண்டு டோனும் சேர்ந்து ஒலிக்கவைத்து, ஒளித்து வாசிப்பேன். செல்லோ அவ்வளவு மோசமில்லை. மெதுவான வரிகளில் தாராளமாகப் போடலாம்.

கிடார்: தந்தி ஆறுதான்

கிடார் டோனில் சி-ஈ-ஜி என்று மூன்று விரலால் தட்டினால், கிடார் வாசிக்கிறவர் யாரும் பிடிக்காத ஒரு கார்ட் கேட்கும். அவர்களின் கார்ட் பரந்து கிடக்கும். ஈ மேஜரை எடுத்துக்கொள்ளுங்கள். கீழிருந்து மேலாக ஈ, பி, ஈ, ஜி ஷார்ப், பி, ஈ. முதல் இரண்டும் இடது கையில், மிச்ச நான்கும் வலது கையில், சரியாக ஒரு ஆக்டேவ். முதல் ஈ நான் மேலே சொன்ன இரண்டாவது ஈ. ஏ மைனருக்கு இடது கையில் ஏ, ஈ. வலது கையில் ஏ, சி, ஈ. டி மேஜருக்கு இடது கையில் டி, ஏ. வலது கையில் டி, எஃப் ஷார்ப். இந்த மூன்றையும் பழகினாலே மற்றவற்றின் சாயல் பிடிபட்டுவிடும்.

பிடித்ததை மொத்தமாக அழுத்தாதீர்கள். கீழ்நோக்கிய ஸ்ட்ரோக்கில் பிளெக்ட்ரம் தடித்த தந்தியிலிருந்து மெல்லிய தந்திக்குப் போகிறது. அதனால் இடது சுண்டுவிரலில் தொடங்கி வலது சுண்டுவிரல் வரை ஒரு அலைபோல உருட்டுங்கள், ஆனால் வேகமாக. எண்ண முடிகிற வேகத்தில் உருட்டினால் ஹார்ப் ஆகிவிடும். மேல்நோக்கிய ஸ்ட்ரோக்கில் பெரும்பாலும் மேலே உள்ள மூன்று தந்திதான் படும். வலது கையின் மேல் மூன்று சுரத்தை மட்டும், மேலிருந்து கீழாக, மெலிதாக. கீழே கனம், மேலே மெலிவு என்று மாறி மாறி வந்தாலே ஸ்ட்ரம்மிங் வந்துவிட்டது.

கார்ட் மாறும்போது கிடார்காரர் கையைத் தூக்கி வேறு இடத்தில் வைக்க வேண்டும். மாற்றத்துக்குச் சற்று முன்னால் ஒரு சின்ன வெட்டு விழும், அதை நீங்களும் விடுங்கள். பெடலைக் கார்டுக்குக் கார்ட் மாற்றிக்கொண்டே இருந்தால் பெடல் போடலாம். தனி வரி வாசிக்கும்போது வேண்டாம், ஒரு தந்தியில் அடுத்த சுரத்தைப் பிடித்ததும் முந்தையது அறுந்துவிடும்.

பிராஸ், சாக்ஸ்

பிராஸ் செக்‌ஷன் டோனில் நீண்ட கார்டுகளைவிடக் குட்டிக் குட்டி வெட்டுகள் நன்றாக இருக்கும். பளீர் எல்லைக்கு அந்தப் பக்கம் அழுத்தி, உடனே எடுங்கள். வலது கையிலும் இடது கையிலும் ஒரே வரியை ஆக்டேவில் வாசித்தால் மூன்று சுரக் கார்டைவிட வலுவாகக் கேட்கும். வரி முடியும் இடத்தில் கடைசிச் சுரத்திலிருந்து வெள்ளைக் கட்டைகளில் விரல் நகத்தால் நாலைந்து கட்டை வேகமாக இறங்கி, இறங்கும்போதே அழுத்தத்தை விட்டுவிட்டால் டிரம்பெட்காரர்கள் சுரத்தைக் கீழே உதிர்ப்பது போல வரும். டிரம்பெட் விடாமல் ஊத முடியாத கருவி, உதடு சோர்ந்துவிடும். ஓய்வை வாசிப்பிலும் காட்டுங்கள்.

சாக்ஸுக்கு அரைச் சுரம் கீழிருந்து வழுக்கி ஏறுவது உயிர். சுருதியை வளைக்கும் பிட்ச் பெண்ட் வீல் (சக்கரம்) இருந்தால் அதை முதலில் கீழே இழுத்து வைத்துக்கொண்டு, சுரத்தை அழுத்திய பிறகு மெல்ல விடுங்கள். அழுத்திய பிறகு இழுத்தால் சுரம் கீழே போய்த் திரும்புவது எல்லாருக்கும் கேட்டுவிடும். வீல் இல்லாவிட்டால் பக்கத்துக் கட்டையை உரசிக்கொண்டு ஏறுங்கள். கறுப்பிலிருந்து வெள்ளைக்கு ஒரே விரலால் வழுக்குவது இதற்கு ரொம்ப வசதி.

ஆர்கன், எலக்ட்ரிக் பியானோ

1935-இல் வந்த ஹாமண்ட் ஆர்கனில் கட்டையை மெல்ல அழுத்தினாலும் ஓங்கி அழுத்தினாலும் சத்தம் ஒன்றுதான். சத்தத்தைக் கால்தான் கூட்டிக் குறைக்கும். ஆகவே விரல் அழுத்தத்தால் உணர்ச்சி காட்டலாம் என்ற எண்ணத்தை இங்கே விட்டுவிடுங்கள். நீளம், இடைவெளி, சுழல் ஒலிப்பெட்டியின் வேகம் என்று கையில் இருப்பது மூன்றே. கார்டைப் பிடித்துக்கொண்டு மெதுவிலிருந்து வேகத்துக்கு மாற்றுங்கள், ஆனால் பாட்டின் முக்கியமான திருப்பங்களில் மட்டும். பெட்டி வேகமெடுக்கச் சற்று நேரமாகும், அந்த ஏற்றம்தான் அழகு. சும்மா சும்மா பட்டனைத் தட்டினால் ஏற்றமே முடியாது.

ஹாமண்டின் பெர்கஷன் வசதியில் ஒரு நுட்பம் இருக்கிறது. "டிக்" என்ற அந்தத் தொடக்க ஒலி, வேறு எந்தக் கட்டையும் அழுத்தியிராதபோதுதான் வரும். ஒட்டி வாசித்தால் முதல் சுரத்தோடு சரி, மற்றதில் வராது. அசலை ஒட்டிச் செய்த டிஜிட்டல் டோன்களிலும் அப்படியே. எல்லாச் சுரத்திலும் வேண்டுமென்றால் ஒவ்வொன்றையும் முழுதாக விட்டுவிட்டு வாசியுங்கள். எந்தச் சுரத்தில் மட்டும் வேண்டும் என்று தேர்ந்தெடுத்து விடுவது இன்னும் நன்றாக இருக்கும். பெடல் இல்லாமல் ஒட்டி வாசிக்க, அழுத்தியிருக்கும் கட்டையிலேயே ஒரு விரலை எடுத்து இன்னொரு விரலை வைக்கும் பழைய ஆர்கன் வித்தை உதவும்.

ரோட்ஸ் வகை எலக்ட்ரிக் பியானோவில் சுத்தியல் தட்டுவது மெல்லிய உலோகக் கம்பியை. மெதுவாகத் தட்டினால் மணி, ஓங்கித் தட்டினால் உறுமல். பெரும்பாலும் மணியில் இருந்துவிட்டு எப்போதாவது உறுமவிடுங்கள். இடது கையைக் குறையுங்கள், கீழே நெருக்கமான கார்ட் கூழாகிவிடும்.

ஹார்ப்புக்கு ஒரே வரி: ஹார்ப் வாசிப்பவர்கள் சுண்டுவிரலைப் பயன்படுத்துவதில்லை, ஒரு கைக்கு நாலு சுரம்தான்.

வளைப்பு, கமகம், அப்புறம் கணினி

கமகம் வருமா என்று எல்லாரும் கேட்பார்கள். பிட்ச் பெண்ட் இல்லாமல் வராது. பக்கத்துச் சுரத்தை உரசி உரசி வாசித்தால் அதன் கோட்டுருவம் மட்டும் கிடைக்கும். பல டிஜிட்டல் பியானோக்களில் வீல் இருக்காது. யு.எஸ்.பி. வழியாகக் கணினியோடு இணைத்து, வீல் உள்ள சிறிய மிடி கீபோர்டு ஒன்றை இடது கைக்கு வைத்துக்கொள்வதுதான் வழி. பெண்டின் வழக்கமான எல்லை மேலே இரண்டு அரைச் சுரம், கீழே இரண்டு அரைச் சுரம். இதை அப்படியே வைத்துக்கொண்டு பழகுங்கள். அதிகமாக்கினால் கை சற்று அசைந்தாலும் சுருதி ஓடிவிடும். சாதாரண மிடி கட்டுப்பாடுகளுக்கு 128 படி, பெண்டுக்கு 16,384 படி. சுருதி வழுக்கும்போது படிப்படியாகக் கேட்காமல் இருப்பது அதனால்தான்.

வீலை முதலில் குரலோடு சேர்த்துப் பழகுங்கள். ஒரு சுரத்தைப் பாடிக்கொண்டே மேல் சுரத்தைத் தொட்டுத் திரும்புங்கள், வீல் உங்கள் குரலைத் தொடரட்டும். பெண்ட் ஒரு சேனலில் ஒலிக்கும் எல்லாச் சுரத்தையும் சேர்த்தே வளைக்கும் என்பதை மறக்க வேண்டாம். இடது கையில் கார்டும் வலது கையில் குழலும் என்று ஸ்பிளிட் வைத்திருந்தால், பெண்ட் வலது பாகத்துக்கு மட்டும் போகும்படி அமைத்துக்கொள்ளுங்கள்.

கணினியில் ஸ்டிரிங்ஸ் லைப்ரரி (பதிவு செய்த ஒலிகளின் தொகுப்பு) வைத்து வாசிக்கிறவர்களுக்கு: அவற்றில் பலவற்றில் நீண்ட சுரங்களின் கனத்தை வெலாசிட்டி தீர்மானிப்பதில்லை. மிடியில் 1-ஆம் எண் கட்டுப்பாடான மாடுலேஷன்தான் மென்மையிலிருந்து உக்கிரத்துக்கு நிறத்தை மாற்றும். 11 எக்ஸ்பிரஷன், வரிக்குள் ஏற்ற இறக்கத்துக்கு. 7 வால்யூம், பாட்டின் தொடக்கத்தில் ஒரு தடவை வைத்துவிட்டுத் தொடாமல் இருக்க. இது தெரியாமல் ஓங்கி ஓங்கி அழுத்தி, லைப்ரரி சரியில்லை என்று சொல்கிறவர்கள் நிறைய. கட்டை அழுத்துவதற்கும் ஒலி வருவதற்கும் இடையில் தாமதம் தெரிந்தால் பஃபர் அளவை (கணினி ஒரு தடவைக்குச் சேர்த்துவைத்து அனுப்பும் ஒலியின் அளவு) குறையுங்கள். 44,100 ஹெர்ட்ஸில் 256 சாம்பிள் என்றால் அதனால் மட்டும் ஏறக்குறைய 6 மில்லி விநாடி.

ரிவர்ப் (அறையின் எதிரொலி விளைவு) பற்றி. ஸ்டிரிங்ஸுக்கும் குழலுக்கும் ஹால் ரிவர்ப் அழகுதான், ஆனால் பழகும்போது அணைத்துவிடுங்கள். விரல் எடுக்கும் இடத்தின் பிசிறுகளையெல்லாம் அது போர்த்தி மூடிவிடும். காய்ந்த ஒலியில் நன்றாகக் கேட்டால் ரிவர்ப் போட்டதும் இன்னும் நன்றாகக் கேட்கும். கருவியிலேயே பதிவு வசதி இருந்தால் ஒரு வரியைப் பதிந்து, கட்டையைப் பார்க்காமல் தள்ளி நின்று கேளுங்கள். வாசிக்கும்போது கை செய்வதைக் காது நம்பிவிடும். தள்ளி நின்றால் ஏமாறாது.

நிகழ்ச்சிக்கு வாசிக்கிறவர்கள் ஒவ்வொரு பாட்டுக்கும் டோன், டச், ஸ்பிளிட், ரிவர்ப் எல்லாவற்றையும் ஒரே பட்டனில் சேமித்து, பாட்டு வரிசைப்படி அடுக்கிக்கொள்ளுங்கள். பியானோவிலிருந்து குழலுக்கு மாறும்போது, பட்டனைத் தொடுவதற்கு முன் காலைப் பெடலிலிருந்து எடுத்துவிடுங்கள். மிதித்தபடியே மாற்றினால் பெடல் கீழே இருப்பதாகவே கருவி எடுத்துக்கொள்ளும், குழலின் முதல் சுரமே நிற்காமல் ஓடும்.